கருக்கலைப்பு பற்றிக் கட்சி கட்டாமல் பேச: எந்த வடிவம் எதற்கு உதவும்?

ஒரு தேவாலயக் குழுவோ, கல்லூரிப் பேரவையோ, தொண்டு நிறுவனமோ கருக்கலைப்பு பற்றிக் கூட்டம் நடத்த முடிவெடுத்தால் முதல் வேலையாகப் பேச்சாளர் தேடுகிறார்கள். ஆதரித்துப் பேச ஒரு மருத்துவர், எதிர்த்துப் பேச ஒரு பாதிரியார், நடுவில் ஒரு நெறியாளர், கடைசி அரை மணி நேரம் கேள்விகளுக்கு. கூட்டம் கலையும்போது இரு தரப்பும் வந்ததைவிடக் கோபமாகக் கிளம்புகிறார்கள். பேச்சாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி, அவரவர் ஆட்களை முன்னால் உட்கார வைத்தால் யாராக இருந்தாலும் தன் ஆட்களின் கைதட்டலுக்குத்தான் பேசுவார்.

வேறு வடிவங்கள் இருக்கின்றன. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அவற்றில் சிலவற்றை நன்றாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எது எதற்கு உதவும், எங்கே உடையும் என்பதை இங்கே ஒப்பிடுகிறோம்.

தேர்வுக்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: கூட்டம் முடிந்தபின் உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும்? எதிர்த்தரப்பைப் புரிந்துகொண்ட சிலரா? பதற்றம் தணிந்த ஒரு ஊரா? ஒரு சட்டத்துக்கான பரிந்துரையா? உங்கள் பக்கம் வந்த வாக்காளர்களா? நான்கும் நியாயமான நோக்கங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லி அழைத்துவிட்டு இன்னொன்றைச் செய்தால் வந்தவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்கள். ‘உரையாடல்’ என்று அழைத்துவிட்டு முடிவில் ஒரு மனுவில் கையெழுத்துக் கேட்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் சூடுபட்டவர்கள் அடுத்த அழைப்புக்கு வரமாட்டார்கள்.

மேடை விவாதம்

இதை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிற்கும்போது, தேர்தல் நெருங்கும்போது, வேட்பாளர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மக்கள் தெரிந்துகொள்ள மேடை விவாதம்தான் வழி. வித்தியாசத்தைத் துலக்கிக் காட்டுவதற்கு அது உகந்தது. பகையைக் குறைக்க உதவாது. நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு மாற்றங்கள் செய்யலாம். கைதட்டலை முன்கூட்டியே நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு பேச்சாளரும் தொடங்குவதற்கு முன் எதிர்த்தரப்பு வாதத்தை இரண்டு நிமிடம், அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். இந்த ஒரு விதியே பேச்சின் சூட்டைக் கணிசமாக இறக்கும்.

ஒரு மாலை, எட்டுப் பேர்

சிறு குழுக்களுக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். 1989-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் லாரா சேசின் என்ற குடும்ப உளநல சிகிச்சையாளர் சில சகாக்களோடு ‘பப்ளிக் கான்வர்சேஷன்ஸ் புராஜெக்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தொலைக்காட்சியில் கருக்கலைப்பு விவாதம் ஒன்றைப் பார்த்தபோது, தன்னிடம் சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் சண்டை போடும் விதம் அவருக்கு நினைவுக்கு வந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பதில்லை, பதிலைத் தயார் செய்கிறார். ஒரு குடும்பத்தை அந்தச் சுழலிலிருந்து வெளியே கொண்டுவரும் உத்திகளை ஊர்ச் சண்டைக்கும் பயன்படுத்தலாமே என்று யோசித்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூன்று மணி நேர அமர்வுகளாக நடத்தி அந்த வடிவத்தைச் செதுக்கினார்கள்.

அமர்வின் பாதி வேலை அன்று மாலைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர், இரு தரப்பிலும் சம எண்ணிக்கை. ஐந்துக்கு மூன்று என்று ஆகிவிட்டால் மூவரும் தற்காப்பில் இறங்கிவிடுவார்கள். ஆகவே தரப்புக்கு ஒருவர் வீதம் மாற்று ஆளையும் கேட்டு வைப்பது நல்லது. ஒவ்வொருவரிடமும் அமர்வுக்கு ஒரு வாரம் முன் இருபது நிமிடமாவது தொலைபேசியில் பேச வேண்டும். அப்போது மூன்று விஷயங்கள் தெளிவாக வேண்டும். யாரையும் மாற்றும் முயற்சி இது இல்லை என்பது. அறைக்குள் பேசியது பெயரோடு வெளியே போகாது என்பது. எந்தக் கேள்விக்கும் ‘நான் சொல்ல விரும்பவில்லை’ என்று கடந்து போகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்பது. இந்த மூன்றில் ஒன்றை ஒருவர் ஏற்கத் தயங்கினால் அவரை அழைக்காமல் விடுவது அவருக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது. விதிகளை எழுத்திலும் அனுப்புங்கள்.

மேலதிகாரியும் அவருக்குக் கீழே வேலை செய்பவரும், மாமியாரும் மருமகளும், ஆசிரியரும் மாணவியும் ஒரே அமர்வில் வேண்டாம். ஒருவர் வாய் திறக்க மாட்டார், நீங்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வீர்கள்.

அன்று மாலை முதலில் சாப்பாடு. நாற்பது நிமிடம், எளிய உணவு, கலந்து உட்கார வேண்டும். இந்த நேரத்தில் தாங்கள் எந்தத் தரப்பு என்று சொல்லக் கூடாது என்பதுதான் நிபந்தனை. பிள்ளைகள், வேலை, சொந்த ஊர் எதைப் பற்றியும் பேசலாம். தரப்பு தெரிவதற்கு முன்பே ஒருவரோடு சேர்ந்து சாப்பிட்டுவிட்டால், பிறகு அவரை ஒரு சுவரொட்டி வாசகமாக மட்டும் பார்க்க முடியாது. தாமதமாக வந்து சாப்பாட்டைத் தவறவிட்டவர் பெரும்பாலும் அமர்வு முழுவதும் விறைப்பாகவே இருப்பார். அதனால் அழைப்பிதழில் சாப்பாட்டு நேரத்தையே தொடக்க நேரமாகப் போடுங்கள்.

பிறகு பத்து நிமிடம் விதிகளை மறுபடி வாசித்து ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். நெறியாளர் இருவர் இருப்பது நல்லது. ஒருவர் நடத்த, மற்றவர் நேரம் பார்க்கலாம். இருவரும் வெவ்வேறு தரப்பில் சாய்வு உள்ளவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. அதன்பின் மூன்று கேள்விகள். வட்டமாக, ஒருவர் பின் ஒருவராக, குறுக்கே பேச்சில்லை.

முதல் கேள்வி: இந்த விஷயத்தோடு உங்களுக்கு எப்படித் தொடர்பு வந்தது? உங்கள் வாழ்க்கையில் இந்தக் கருத்து எங்கிருந்து உருவானது? ஆளுக்கு மூன்று நிமிடம்.

இரண்டாவது: உங்களைப் பொறுத்தவரை இதன் மையம் எது? ஆளுக்கு இரண்டு நிமிடம்.

மூன்றாவது: உங்கள் நிலைப்பாட்டுக்குள்ளேயே உங்களுக்கு இரண்டு மனமாக இருக்கும் இடம், தெளிவில்லாத இடம், ஒரு மதிப்பு இன்னொன்றோடு மோதும் இடம் ஏதாவது உண்டா? ஆளுக்கு மூன்று நிமிடம். இதற்கு வரிசை வேண்டாம், விரும்பியவர் தொடங்கட்டும்.

எட்டுப் பேருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நேரம் போதவில்லை என்று மூன்றாவது கேள்வியை வெட்டிவிடும் நெறியாளர்களைப் பார்க்க முடிகிறது. வெட்டுவதாக இருந்தால் இரண்டாவதைக் குறையுங்கள். அமர்வின் உயிர் மூன்றாவதில்தான் இருக்கிறது. முதல் சுற்றில் அனுபவம் வரும், இரண்டாவதில் கொள்கை வரும். இவை இரண்டும் மேடையிலும் கிடைக்கும். மேடையில் ஒருபோதும் கிடைக்காதது மூன்றாவது. கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் ஒருவர், கருவில் ஊனம் தெரிந்ததற்காக மட்டும் கலைப்பதை நினைத்தால் தனக்கு உறுத்துகிறது என்று சொல்வார். எதிர்க்கும் ஒருவர், வன்கொடுமைக்கு ஆளான பதினான்கு வயதுப் பெண்ணிடம் பெற்றுக்கொள் என்று சொல்லத் தன்னால் முடியாது என்பார். அந்தத் தடுமாற்றத்தை எதிராளி ஆயுதமாக எடுக்க மாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இது வாயில் வரும். அந்த நம்பிக்கையை உண்டாக்கத்தான் சாப்பாடும் விதிகளும் தொலைபேசிப் பேச்சும்.

அடுத்த முக்கால் மணி நேரம், ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கலாம். இங்கேதான் அமர்வுகள் அதிகம் உடைகின்றன. ‘ஒரு உயிரைப் பற்றி உங்களுக்கு உறுத்தவே இல்லையா?’ என்பது கேள்விக்குறி போட்ட குற்றச்சாட்டு. ‘அப்படியானால் அந்தப் பெண் சாகட்டும் என்கிறீர்களா?’ என்பதும் அதே ரகம். நெறியாளர் கேட்டவரிடம் மென்மையாக, ‘இதில் உங்களுக்குப் பதில் தெரியாத பகுதி எது? அதை மட்டும் கேளுங்கள்’ என்று திருப்பிவிட வேண்டும். ‘நாங்கள்’ என்று பேச ஆரம்பிப்பவரை ‘நான்’ என்று பேசச் சொல்லுங்கள். நெறியாளர் யார் பேச்சையும் தன் சொற்களில் சுருக்கிச் சொல்லக் கூடாது. எவ்வளவு கவனமாகச் சுருக்கினாலும் ஒரு தரப்புக்குச் சாய்ந்ததாகவே மற்றத் தரப்புக்குக் கேட்கும்.

மருத்துவரோ வழக்கறிஞரோ இருந்தால் எல்லாரும் அவரிடம் விளக்கம் கேட்கத் தொடங்குவார்கள், உரையாடல் வகுப்பாக மாறிவிடும். அவரிடம் முன்பே பேசி, தொழிலை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். ஒரு பெண் தன் சொந்தக் கருக்கலைப்பைப் பற்றிச் சொல்லிவிட்டால் அறை அமைதியாகும். உடனே சிலர் ஆறுதல் சொல்வார்கள், வேறு சிலர் அவருடைய முடிவை நியாயப்படுத்துவார்கள். இரண்டும் அவரை ஒரு சான்றாக மாற்றிவிடும். நெறியாளர் நன்றி மட்டும் சொல்லி, அரை நிமிட அமைதிக்குப் பிறகு அடுத்தவருக்குப் போவது சரி. மறுநாள் அவருக்குத் தொலைபேசி செய்ய மறக்கக் கூடாது.

கடைசிக் கால் மணி நேரத்தில் ஒரு கேள்வி: இந்த மாலை இப்படிப் போனதற்கு நீங்கள் செய்தது என்ன, அல்லது செய்யாமல் அடக்கிக்கொண்டது என்ன? இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் நேர்மையாக இருக்கும்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். எட்டுப் பேரின் பார்வை நெகிழ்ந்ததால் ஊர் மாறாது. சட்டமும் மாறாது. ஊரளவில் ஏதாவது நகர வேண்டும் என்றால் இதே அமர்வைப் பல குழுக்களில் நடத்த வேண்டும், அதற்கு நெறியாளர்களைப் பழக்க வேண்டும்.

தலைவர்களின் மூடிய அறை

1994 டிசம்பர் 30 அன்று பாஸ்டனை ஒட்டிய ப்ரூக்லைனில் ஒருவன் கருக்கலைப்பு செய்யும் இரண்டு மருத்துவ நிலையங்களுக்குள் புகுந்து சுட்டான். வரவேற்புப் பணியில் இருந்த இரண்டு பெண்கள் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். மாநில ஆளுநரும் பாஸ்டன் கர்தினாலும் இரு தரப்புத் தலைவர்களும் பேச வேண்டும் என்றார்கள். 1995 செப்டம்பரில் ஆறு பெண்கள் ரகசியமாகக் கூடினார்கள். கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் மூவர்: மாநில எதிர்ப்பு அமைப்பின் தலைவர், ஒரு வழக்கறிஞர், கத்தோலிக்க மறைமாவட்ட அலுவலகப் பொறுப்பாளர். ஆதரிப்பவர்கள் மூவர்: கருத்தடை, கருக்கலைப்புச் சேவை தரும் பிளான்டு பேரன்ட்ஹூட் அமைப்பின் மாநிலத் தலைவர், இன்னொரு உரிமை அமைப்பின் இயக்குநர், எபிஸ்கோபல் என்ற சீர்திருத்தத் திருச்சபையின் பெண் போதகர் ஒருவர். நடத்தியவர்கள் லாரா சேசினும் சூசன் பொட்சிபாவும்.

நான்கு சந்திப்புகள் என்றுதான் ஒப்புக்கொண்டார்கள். ஐந்தரை ஆண்டுகள், 150 மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். 2001 ஜனவரியில் ஆறு பேரும் சேர்ந்து ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழில் கட்டுரை எழுதும்வரை வெளியுலகுக்குத் தெரியாது.

முதல் சந்திப்பிலேயே சொற்களில் முட்டிக்கொண்டார்கள். வயிற்றில் வளர்வதை ‘கரு’ என்பதா, ‘பிறக்காத குழந்தை’ என்பதா? மருத்துவச் சொல் மனிதத்தன்மையைப் பறிக்கிறது என்றார்கள் எதிர்ப்பவர்கள். மற்றதை ஏற்க முடியாது என்றார்கள் ஆதரிப்பவர்கள். கடைசியில் ‘மனிதக் கரு’ என்ற சொல்லுக்கு, சிலர் மனமில்லாமலே, சம்மதித்து நகர்ந்தார்கள். எந்தச் சொல் யாரைக் கொதிக்க வைக்கிறது என்று ஒரு பட்டியலும் போட்டார்கள். எந்த வடிவத்தை நீங்கள் எடுத்தாலும் இந்தப் பட்டியல் போடும் வேலைக்கு முதல் சந்திப்பில் அரை மணி ஒதுக்குங்கள். யாருக்கும் பிடித்த சொல் கிடைக்காது, எல்லாரும் சகிக்கும் சொல் கிடைத்தால் போதும்.

என்ன கிடைத்தது? யாரும் கருத்தை மாற்றவில்லை. கருக்கலைப்பு பற்றிய தங்கள் நிலை முன்னைவிட உறுதியாகிவிட்டது என்றே ஆறு பேரும் எழுதினார்கள். அதே சமயம் ஒருவரை ஒருவர் மதிக்கக் கற்றார்கள், மேடையிலும் பேட்டியிலும் சொற்களைக் கவனித்துப் பயன்படுத்தினார்கள். ஆபத்து வரும் என்று தெரிந்தால் எதிர்ப்புத் தரப்பினர் பிளான்டு பேரன்ட்ஹூட் தலைவரை நேரடியாக எச்சரிக்க வழி வைத்துக்கொண்டார்கள். வன்முறையை நியாயப்படுத்திய வர்ஜீனியாக்காரர் ஒருவர் மாசசூசெட்ஸுக்கு வரப்போகிறார் என்றபோது, எதிர்ப்புத் தரப்புத் தலைவர்களே வர வேண்டாம் என்று அவருக்கு எழுதினார்கள்.

உயிர் ஆபத்து உள்ள இடத்தில் இந்த வடிவத்துக்கு ஈடு வேறெதுவும் இல்லை என்பது எங்கள் மதிப்பீடு. ஆனால் விலை பெரிது. பல ஆண்டுகள் நேரம், தேர்ந்த நெறியாளர், வெளியே தெரிந்தால் தன் ஆட்களாலேயே துரோகி எனப் பழிக்கப்படும் அபாயம். ரகசியம் கசிந்தால் எல்லாம் முடிந்தது. ஆகவே யார் எப்போது என்ன வெளியிடலாம் என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திட வேண்டும், ஆறு பேரும் சம்மதித்தால் மட்டுமே வெளியீடு. அமைப்பின் பிரதிநிதியாக வரக் கூடாது, தனி ஆளாக வர வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலைமையகத்தைக் கேட்டுத்தான் பேசுவார்கள்.

கூடிச் செய்யும் வேலை

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கியது இன்னொரு வழி. கருக்கலைப்புக்கு மாநிலங்கள் கட்டுப்பாடு விதிக்க இடம் தந்த, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1989 ‘வெப்ஸ்டர்’ வழக்கில் எதிரெதிரே நின்ற இரு தரப்பினரும், தீர்ப்புக்குப் பிறகு நேரில் பேசத் தொடங்கினார்கள். கருக்கலைப்பை விட்டுவிட்டு, இருவரும் ஒப்புக்கொள்ளும் வேலைகளைத் தேடினார்கள்: போதைக்கு அடிமையான கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை, பிறந்த குழந்தைகளின் நலம், தத்துக் கொடுத்தல். 1993-ல் இதே எண்ணத்தில் நாடு தழுவிய ஒரு வலையமைப்பு உருவாகி, தத்து பற்றியும், மருத்துவ நிலையங்களின் முன் நடக்கும் போராட்டங்களின் நடத்தை பற்றியும் கூட்டு ஆவணங்கள் வெளியிட்டது. தொண்ணூறுகளின் இறுதியில் ஓய்ந்தது.

பேச்சைவிட வேலையில் நாட்டம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். ஒரு மகப்பேறு உதவி நிதி, பதின்வயதுக் கர்ப்பிணிகளுக்குத் தங்குமிடம், பள்ளியை விட்டு நின்ற இளந்தாய்க்கு மறுபடி படிக்க வழி. பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இரு தரப்பும் கை கொடுக்கும். சிக்கல் எங்கே வரும் என்றால், பொதுவான வேலை என்று நினைத்தது ஒரு தரப்பின் வாதத்துக்கு மறைமுகமாக உதவும்போது. கருத்தடைச் சாதனங்களை ஊக்குவிப்பது எல்லாருக்கும் சம்மதமாகத் தோன்றும். கத்தோலிக்கரிடம் அது நிற்காது. தத்துக் கொடுத்தலை வலியுறுத்தினால், பெண்ணைப் பெற்றுக்கொள்ளத் தள்ளுகிறீர்கள் என்று மற்றத் தரப்பு சொல்லும். வேலையைத் தொடங்கும் முன் இந்த இடங்களைத் தனியாக எழுதி வைத்து, அவற்றைத் தொடமாட்டோம் என்று உடன்பட வேண்டும். நிதி யாரிடமிருந்து வருகிறது என்பதும் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

குடிமக்கள் மன்றம்

முடிவு வேண்டும் என்றால் இது. அயர்லாந்து 1983-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் சம உரிமை என்று அரசியல் சட்டத்தில் எட்டாவது திருத்தமாக எழுதியது. 2012 அக்டோபரில் கால்வே மருத்துவமனையில் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பல் மருத்துவர், கருச்சிதைவு தொடங்கிய பிறகும் கருவின் இதயத்துடிப்பு இருந்ததால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, இரத்தத்தில் நச்சேறி இறந்தார். அதன்பின் கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. கட்சிகளோ அந்தத் திருத்தத்தைத் தொடத் தயங்கின.

2016-ல் 99 சாதாரணக் குடிமக்களையும் தலைவராக உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லாஃபோயையும் கொண்ட மன்றம் அமைந்தது. அரசியல்வாதிகள் யாரும் இல்லை. வயது, பாலினம், பகுதி, சமூக நிலை நாட்டின் விகிதப்படி இருக்கும்படி குலுக்கல் முறையில் தேர்வு. இந்த விஷயத்தில் இயக்கம் நடத்துபவர்கள் உறுப்பினராக முடியாது. அவர்கள் வந்து வாதிடலாம், மன்றத்தில் உட்கார முடியாது. 2016 நவம்பரிலிருந்து 2017 ஏப்ரல்வரை ஐந்து வார இறுதிகள். மருத்துவர்களும் சட்ட வல்லுநர்களும் அறநெறி ஆய்வாளர்களும் பேசினார்கள். பிறகு ஏழெட்டுப் பேர் கொண்ட மேசைகளில், பயிற்சி பெற்ற நெறியாளரும் குறிப்பெடுப்பவரும் உடனிருக்கக் கலந்துரையாடல். உரைகள் இணையத்தில் நேரலை, மேசைப் பேச்சு நேரலை இல்லை. இந்தப் பிரிப்பு மிக முக்கியம். உலகம் பார்க்கும் கேமரா முன்னால் ‘எனக்குப் புரியவில்லை’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தங்கள் அனுபவத்தைச் சொல்ல முன்வந்த ஆறு பெண்களின் குரல் பதிவுகளை, முகம் காட்டாமல், கேட்டார்கள். முடிவில் ரகசிய வாக்கு.

87 சதவீதம் பேர் அந்தத் திருத்தம் அப்படியே இருக்கக் கூடாது என்றார்கள். காரணம் கேட்காமலே கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று, வார வரம்பில் வேறுபட்டாலும், 64 சதவீதம் பேர் சொன்னார்கள். நாடாளுமன்றக் குழு அதை ஆராய்ந்தது. 2018 மே 25 பொதுவாக்கெடுப்பில் திருத்தத்தை நீக்க 66.4 சதவீதம் ஆதரவு. 2019 தொடக்கத்திலிருந்து பன்னிரண்டு வாரம்வரை அங்கே அனுமதி உண்டு.

எதிர்த்தவர்களுக்கு இந்த மன்றத்தின்மேல் கசப்பு இருந்தது, வல்லுநர் பட்டியல் சாய்ந்திருந்தது என்றார்கள். இதிலிருந்து ஒரு பாடம்: யார் பேச வேண்டும் என்ற பட்டியலை இரு தரப்பும் முன்கூட்டிப் பார்த்து ஆட்சேபிக்க வாய்ப்புத் தர வேண்டும். ஆள் சேர்ப்பையும் கண்காணிக்க வேண்டும். பின்னாளில் இதே மன்றத்துக்கு மாற்று உறுப்பினர் ஏழு பேரை ஆள் சேர்த்த கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தெரிந்தவர்களிலிருந்தே சேர்த்தது 2018-ல் வெளிவந்தது. அவர்கள் கருக்கலைப்பு அமர்வுகளில் இல்லை. ஆனாலும் பெயர் கெட்டது.

முடிவை நிறைவேற்றும் அதிகாரம் உள்ள அமைப்பு பின்னால் இல்லாமல் மன்றம் கூட்டாதீர்கள். ஐந்து வார இறுதிகளைக் கொடுத்தவர்களிடம் அறிக்கை அலமாரிக்குப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஒரு பல்கலைக்கழகமோ மறைமாவட்டமோ தன் சொந்தக் கொள்கைக்காகச் சிறிய அளவில் செய்யலாம்: இருபத்தைந்து பேர், இரண்டு வார இறுதிகள், மூன்று மேசைகள், மேசைக்கு ஒரு நெறியாளரும் ஒரு குறிப்பெடுப்பவரும், முன்பே எழுத்தில் கொடுத்த வாக்குறுதி. இருபத்தைந்துக்குக் கீழே போனால் குலுக்கலில் கிடைக்கும் கலவை நம்பகமாக இருக்காது.

வாசற்படிப் பேச்சு

கலிஃபோர்னியாவில் 2008-ல் ஒரே பாலினத் திருமணத்தைத் தடைசெய்த வாக்கெடுப்பில் தோற்ற, அத்திருமணத்தை ஆதரித்த ஆர்வலர்கள் உருவாக்கிய முறை இது. வீடு வீடாகப் போய், கதவைத் திறந்தவரிடம் அவர் நிலையை பூஜ்யம் முதல் பத்துவரை ஓர் எண்ணால் சொல்லச் சொல்வார்கள். ஏன் அந்த எண் என்று கேட்பார்கள். எதிர்வாதம் சொல்லாமல் கேட்டுவிட்டு, தங்கள் வாழ்விலிருந்து ஒரு நிகழ்வைச் சொல்லி, அவருடையதைக் கேட்பார்கள். கடைசியில் மறுபடி எண். மயாமியில் திருநங்கை, திருநம்பியர் மீதான வெறுப்பைக் குறைக்க முயன்ற சோதனையில் சுமார் பத்து நிமிடப் பேச்சின் விளைவு மூன்று மாதங்கள் நின்றது என்று 2016-ல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வந்தது. அதற்கு முந்தைய, பெயர்பெற்ற ஒரு ஆய்வு தரவுகளை நம்ப முடியாததால் 2015-ல் திரும்பப் பெறப்பட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கருக்கலைப்பிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நாகரிகமான முறைதான். ஆனால் இதன் நோக்கம் ஆளை நகர்த்துவது. ஒரு தரப்பு மட்டும் தன் இலக்கோடு வருகிறது. அதை மறைக்காமல் யார் அனுப்பினார்கள் என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னால் தப்பில்லை. இரு தரப்பு உரையாடலாக மட்டும் இதை விளம்பரப்படுத்த வேண்டாம்.

தமிழ்நாட்டில் நடத்துவதென்றால்

இங்கே சண்டை வேறு. 1971-ன் சட்டம் கருக்கலைப்பை நிபந்தனைகளோடு அனுமதித்தது. 2021 திருத்தத்தின்படி இருபது வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். இருபதிலிருந்து இருபத்து நான்குவரை, குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்கு, இரண்டு மருத்துவர்கள். மணமாகாத பெண்ணுக்கும் அந்த நீட்டிப்பு உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினெட்டு வயது நிறைந்தவருக்கு அவர் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து சட்டத்தில் கேட்கப்படவே இல்லை. இலங்கையிலோ 1883-ன் தண்டனைச் சட்டத்தின்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி. அங்கே யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கூடுபவர்கள் அயர்லாந்துக்கு நெருங்கிய கேள்வியோடு கூடுகிறார்கள்.

ஆகவே தமிழ்நாட்டில் ‘உயிரா, உரிமையா’ என்ற அமெரிக்கப் பிரிப்பை அப்படியே இறக்குமதி செய்து ஆட்களை இரண்டாகப் பிரித்தால் இல்லாத பிளவை உண்டாக்குகிறீர்கள். இங்கே மனிதர்களைப் பிரிப்பது வேறு கேள்விகள்: கணவருக்கும் மாமியாருக்கும் எவ்வளவு சொல் உண்டு, மணமாகாத பெண்ணை மருத்துவமனை எப்படி நடத்துகிறது, பெண் கரு என்பதற்காகக் கலைப்பது. கடைசியைத் தனியே எடுக்க வேண்டும். பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ன் சட்டம் வேறு, கருக்கலைப்புச் சட்டம் வேறு. இரண்டையும் ஒரே மாலையில் போட்டால் எட்டுப் பேரும் எட்டு விஷயங்களைப் பற்றிப் பேசுவார்கள். அழைப்பிதழில் ஒரே கேள்வி இருக்கட்டும்.

வயது மரியாதை வட்டச் சுற்றைக் கெடுக்கும். பெரியவர் முதலில் பேசினால் மற்றவர்கள் ‘ஐயா சொன்னதுதான்’ என்று முடித்துக்கொள்வார்கள். சுற்றை வயதில் இளையவரிடமிருந்து தொடங்குங்கள், அதற்குக் காரணம் சொல்லி அனுமதியும் வாங்கிவிடுங்கள். பெண்கள் மட்டும் கூடும் அமர்வை முதலில் நடத்திவிட்டுக் கலப்பு அமர்வுக்குப் போவது இங்கே நன்றாக வேலை செய்யும். கைப்பேசிகளை ஒரு கூடையில் வாங்கி அறைக்கு வெளியே வையுங்கள். ஒரே ஒரு குரல் பதிவு குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை கலங்கிவிடும்.

கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரங்களையும் மருத்துவர் வெளியிடக் கூடாது என்று நம் சட்டம் சொல்கிறது, மீறினால் ஓராண்டுவரை சிறை. சட்டம் மருத்துவருக்குச் சொல்வதை நெறியாளரும் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்தக் கதையை யாரிடமும் கேட்காதீர்கள். முதல் கேள்வியை ‘இந்த விஷயம் உங்கள் காதில் எப்படி விழுந்தது’ என்று தளர்த்திக் கேட்டால், சொல்ல விரும்புபவர் சொல்வார், மறைக்க வேண்டியவருக்கும் ஒதுங்க இடம் இருக்கும்.

முன்கூட்டிப் பேசும் தொலைபேசியில் ஒருவர், தான் இப்போது கர்ப்பமாக இருப்பதாகவும் என்ன செய்வதென்று யோசிப்பதாகவும் சொன்னால் அவரை அமர்வுக்கு அழைக்க வேண்டாம். எட்டுப் பேரின் புரிதலுக்காக அவர் உட்கார வேண்டியதில்லை. அவருக்கு நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றே அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கோ, அவர் நம்பும் ஒரு பெண் மருத்துவரிடமோ போகச் சொல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.